அரசாங்கத் திங்கள்

வாரத்தில் ஆறு நாள் எங்களுடையது என்று
யாரும் சொன்னதில்லை.
திங்கட்கிழமை எங்களுடையது இல்லை என்று மட்டும்
மாதா கோயில் கதவில் ஒட்டியிருக்கிறது,
ஸ்பானிய மொழியில், முத்திரையோடு.
பசையை எலி நக்கிவிட்டது. இப்போது ஆணி.

கூலி கிடையாது.
வராதவர் வீட்டுக்கு அபராதம்:
இன்னும் இரண்டு திங்கள்.

இன்றைக்குச் சுவர் வேலை.
வடக்கே ஒரு கிடா முட்டி
ஆள் நுழையும் அளவுக்குச் சரித்திருந்தது.
ஆடுகள் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம்.
அவற்றுக்குத் தீவு முழுக்க மேய்ச்சல்.
எங்களுக்கு ஹங்கா ரோவா:
ஒரு கிராமம், ஒரு கேட், ஒரு சாவி.
சாவி லெப்டினன்டின் இடுப்பில்.

கம்பெனி போய்விட்டது.
கணக்குப் புத்தகங்களைப் பெட்டி பெட்டியாகக்
கப்பலில் ஏற்றியவர்களில் நானும் ஒருத்தி.
ஆடுகள் போகவில்லை.
சுவரும் போகவில்லை.
கொடிக்கம்பத்தில் கயிறு மட்டும் புதிது.

அந்தக் கொடி முதன்முதலாக ஏறிய அன்று
எங்களில் ஒருவர் குனிந்து ஒரு பிடி புல்லைப் பிடுங்கி
வந்தவர்கள் கையில் கொடுத்தாராம்.
வேரிலிருந்து உதிர்ந்த மண்ணைத்
தன் பையில் போட்டுக்கொண்டாராம்.
புல் உங்களுக்கு, மண் எங்களுக்கு.
கெட்டிக்காரப் பேரம் என்று சின்ன வயதில் சிரித்திருக்கிறேன்.
புல்லைத் தேடிப் பின்னால் என்ன வரும் என்று
அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஏழு மணிக்குப் பெயர் வாசிப்பு.
குமாஸ்தாவுக்கு எங்கள் பெயர்கள் வாயில் நிற்காது,
மீன் முள்ளைத் துப்புவது போலத் துப்புவார்.
உக்கா?
இருக்கிறேன்.
ஹெரெமெத்தா?
இருக்கிறேன்.
பெதேரோ?

காற்று.
வேலிக்கு அப்பால் ஏதோ ஒரு ஆடு இருமியது.
சிரித்தவனுக்கும் ஒரு திங்கள் விழுந்தது.

பெதேரோ என் தம்பி.
வெள்ளிக்கிழமை ராத்திரி, நாலு பேரோடு,
மீன்பிடிக்கும் படகில்.
சர்க்கரைவள்ளியைச் சீவி, உப்பில்லாமல்
ஒன்பது நாள் வெயிலில் காயவைத்தது நான்.
கூரையில் என்ன என்று கேட்ட கார்ப்பரலுக்கு
அதிலேயே ஒரு துண்டைத் தின்னக் கொடுத்ததும் நான்.
தஹீத்தி மேற்கே இருக்கிறது.
எத்தனை நாள் என்று இங்கே யாரும் சொல்ல மாட்டார்கள்,
தெரிந்தால் பயப்படுவோம் என்று அல்ல,
தெரிந்தால் கிளம்பிவிடுவோம் என்று.

திங்களை எடுத்துக்கொண்டவர்களுக்குத்
திங்களே இல்லாத ராத்திரியை எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.
துடுப்பில் துணி சுற்றியிருந்தான்.
போகும்போது ஒன்றும் சொல்லவில்லை,
என் நல்ல கத்தியையும் கேட்காமல் எடுத்துப்போய்விட்டான்.
கடலில் விழுந்திருக்கும், அவனுக்கு எதையும் பிடிக்கத் தெரியாது.
கத்திதான் விழுந்திருக்க வேண்டும்.

"தம்பி எங்கே?"
"தூங்குவான்."
"மூன்று நாளாகவா?"
"சோம்பேறி, ஐயா."
குமாஸ்தா எழுதினார். இரண்டு திங்கள், என் கணக்கில்.

பிறகு கல் தூக்கினோம்.
மூதாதையர் நின்ற மேடைகளை உடைத்துத்தான்
கம்பெனி இந்தச் சுவரைக் கட்டியது;
எந்தக் கல்லும் வெறும் கல் இல்லை.
நான் புரட்டிய ஒன்றில் பாசிக்கு அடியில்
ஒரு பெரிய வட்டக் கண்.
இத்தனை வருஷம் சுவருக்குள்ளேயே
சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறது.
மேற்கே பார்க்கத் திருப்பி வைத்தேன்.

"ஏன் அப்படி வைக்கிறாய்?" என்றார் குமாஸ்தா.
"அப்படித்தான் உட்காருகிறது" என்றேன்.

உட்காரவில்லை.
அடியில் முட்டுக்கல் கொடுக்காமல் விட்டேன்.
இன்னொரு கிடா வந்து சும்மா உரசினாலே போதும்.
கப்பல் வர எட்டு மாதம்,
அதுவரை சேதி வராது.
திங்கள் தோறும் இங்கே எனக்கு வேலை இருக்க வேண்டும்,
கடல் தெரிகிற இந்தப் பக்கத்தில்.